மதிலுக்கு மேல் ஒரு கற்பூர மரம்

மதிலுக்கு மேல் தலை நீட்டும் கற்பூர மரத்தைப் பார்த்தே உள்ளே இருக்கும் பெண்ணின் வயதைச் சொல்லிவிடுவாள் பெங் அக்கா. நான்ஷி ஊரில் பெண் பிறந்தால் முற்றத்தில் ஒரு கற்பூரக் கன்று நடுவார்கள். கல்யாணம் நிச்சயமானால் அதை வெட்டி, இரண்டு பெட்டி செய்து, பட்டு நிரப்பிப் பெண்ணோடு அனுப்புவார்கள். அதனால் கல்யாணத் தரகு செய்கிறவளுக்கு வீடு வீடாக ஏறி இறங்கும் வேலை கிடையாது. படகில் உட்கார்ந்து கால்வாயை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதும். எந்த வீட்டில் பெண் இருக்கிறது, எது கல்யாணத்துக்குத் தயார், எது இன்னும் பிஞ்சு என்று மரமே சொல்லிவிடும்.

கால்வாயைக் கடக்கும் கல்பாலத்து வழியாக நடந்தால் பாதி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனாலும் அவள் படகில்தான் போவாள். முட்டி வலி என்று சொல்லிக்கொள்வாள்.

ராஜா ஆட்சி போய், ஆண்களெல்லாம் சடையை வெட்டிக்கொண்டார்களே, அதற்கு மறு வருடம். இலையுதிர் காலத்தில் ஒரு நாள் ஷென் வீட்டு மதிலுக்கு மேல் ஒரு கற்பூர மரத்தை அவள் பார்த்தாள். இவ்வளவு நாளும் அது எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று அவளுக்கே விளங்கவில்லை. அரிசி மது வியாபாரி ஷென் இருந்தவரை அந்த வீட்டுக் கதவு யாருக்கும் திறந்ததில்லை. மனிதர் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. மதிலில் ஒரு பக்கம் மழையில் சரிந்து கிடந்தது. உள்ளே மரம். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். மரத்துக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே கட்டிய கொடியில் வெளிர்பச்சையில் ஒரு இளம்பெண்ணின் மேலங்கி காய்ந்துகொண்டிருந்தது. தையல் அவ்வளவு நேர்த்தி. கழுத்தில் ஐந்து முடிச்சுப் பொத்தான்.

பெங் அக்கா படகை நிறுத்தச் சொன்னாள். இந்த முறை அவள் வரன் பார்த்தது ஊராருக்காக இல்லை, சொந்த மகனுக்காக.

மகன் பெயர் லின்ஷெங். சீன எழுத்தில் அந்தப் பெயரை எழுதினால் முதல் எழுத்திலேயே இரண்டு மரம் வரும். படகுப் பட்டறையில் வேலை, நல்ல பிள்ளை, குடி கிடையாது. வயது இருபத்தாறு. ஆனால் நான்கு சம்பந்தம் கையில் வந்து நழுவிப்போயிருந்தது. எல்லாம் அந்தக் கிண்ணத்தால்தான். பெண்ணின் பிறந்த நாளும் நேரமும் எழுதிய சிவப்புச் சீட்டு பையன் வீட்டு அடுப்புச் சாமிக்கு முன்னால் மூன்று நாள் இருக்க வேண்டும். பையனின் சீட்டு பெண் வீட்டு அடுப்புச் சாமிக்கு முன்னால். அந்த மூன்று நாளில் எந்த வீட்டிலாவது ஒரு கிண்ணம் உடைந்தால் சாமி வேண்டாம் என்கிறார் என்று அர்த்தம். லின்ஷெங்குக்கு நான்கு முறையும் உடைந்தது. ஒரு முறை பூனை தள்ளியது. ஒரு முறை யாரும் தொடாமலே அலமாரியிலிருந்து விழுந்தது.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் முடிச்சுப் போடுற. உன் வீட்டு முடிச்சு மட்டும் நிக்க மாட்டேங்குதே, பெங்!" என்று மேலத்தெருத் தரகுக்காரி மீன் சந்தையில் நாலு பேர் கேட்கச் சிரித்தாள். அன்று பெங் அக்கா மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஷென் வீட்டுக்கு முதல் தடவை தெருப்பக்கத்து வாசல் வழியாகப் போனாள். கதவைத் திறந்தது ஷென்னின் மனைவி ரூயுன். நாற்பதைக் கொஞ்சம் தாண்டியவள், ஒல்லி. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. பெங் அக்காவைப் பார்த்ததும் அவள் கை கதவிலேயே நின்றுவிட்டது.

பெங் அக்கா தன் தொழில் பாஷையை எடுத்துவிட்டாள். அந்த பாஷை முழுக்க மரம்தான். அப்பா என்று சொல்லக் கூடாது, சுன் மரம் என்று சொல்ல வேண்டும். அம்மா என்றால் ஷுவான் செடி. பிறந்த ஊரைக் கேட்டால், உங்கள் மல்பெரி மரம் எங்கே நிற்கிறது என்று கேட்க வேண்டும். புருஷன் பெண்டாட்டி, கிளை பின்னிய இரண்டு மரம். சாகக் கிடக்கும் கிழவர், மரத்துக்குள் போக நாள் பார்க்கிறவர். முடிந்துபோன காரியம், மரம் படகாகிவிட்டது. மாமியார் சாடைமாடையாக மருமகளைத் திட்டினால்கூட, மல்பெரியைக் காட்டி ஹுவாய் மரத்தைத் திட்டுகிறாள் என்பார்கள். ஒரு காட்டையே வாயில் போட்டு மெல்வார்களே தவிர, ஒரு விஷயத்தையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். அந்தக் கலையில் பெங் அக்கா கெட்டிக்காரி.

"வீட்டு ஷுவான் செடி செழிப்பா இருக்கு, பாக்கவே சந்தோஷம். சுன் மரம் சாஞ்ச விஷயம் கேள்விப்பட்டேன், மனசு கேக்கல. முற்றத்துல ஒரு மரம் நிக்குதே, அது பெட்டியாகுற காலம் வந்துட்டாப்புல இருக்கே?"

ரூயுன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பவள் போல இருந்தது. கடைசியில், "இந்த வீட்டுல பொண்ணு இல்லக்கா" என்றாள்.

பெங் அக்கா மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். முதல் தடவை எல்லோரும் சொல்வதுதான் இது. அது மரியாதை. கேட்டதும் பெண்ணைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் மலிவுச் சரக்கு என்று ஆகிவிடும். இரண்டாம் தடவையும் இல்லை என்பார்கள், கொஞ்சம் மெதுவாக. மூன்றாம் தடவை தேநீர் வரும், சீட்டு வரும். இதுகூடத் தெரியாமல் தரகு செய்ய முடியுமா?

இரண்டாம் தடவை அவித்த கஷ்கொட்டை ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு போனாள்.

"பொண்ணு இல்லைன்னு அன்னைக்கே சொன்னேனே" என்றாள் ரூயுன்.

"சொன்னீங்க, சொன்னீங்க. கொடியில காயுற அந்தப் பச்சை மேலங்கி யாருக்காம்? உங்களுக்கா?"

"அவளுக்குத்தான்."

"பின்ன?"

ரூயுன் கஷ்கொட்டைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். பிறகு, "நீங்க சொல்ல வந்தது வேற ஒண்ணும் இல்லையா அக்கா?" என்று கேட்டாள்.

"வேற என்ன இருக்கு? என் புள்ள தங்கம். அவ்வளவுதான்."

மூன்றாம் தடவை தேநீர் வந்தது, சிவப்புச் சீட்டும் வந்தது. பெங் அக்கா லின்ஷெங்கின் சீட்டைக் கொடுத்து இதை வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்கவும் இல்லை. சீட்டு பொருந்துவதற்கு முன்னால் பெண்ணைக் காட்டச் சொல்வது மரியாதை இல்லை.

"தண்ணிக் கதவு வழியா போங்க. படகு அங்கதானே நிக்கும்" என்று ரூயுன் பின்பக்கம் அழைத்துப் போனாள்.

கறுப்புக் கதவு. கால்வாய்க்குள் இறங்கும் நான்கு கல்படிகள். மூன்றாவது படியில் இடது ஓரம் உடைந்திருந்தது. பெங் அக்காவின் கால் கண்ணுக்கு முன்பே அதைக் கண்டுகொண்டது. உடைந்த பக்கத்தை விட்டு வலது ஓரத்தில் தானாக மிதித்தது.

அப்போது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அவள் தரகுக்காரி இல்லை, பேறுகாலம் பார்ப்பவள். நான்ஷியை ஒட்டிய ஏரிக்கு அந்தக் கரையில் குடியிருந்தாள். சாயங்காலம், பனி கொட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு வியாபாரி வீடு. படகுக்காரன் தண்ணிப் பக்கமாகக் கொண்டுவந்து இறக்கினான். தண்ணிப் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லா வீடும் ஒன்றுதான், நான்கு படியும் ஒரு கறுப்புக் கதவும். பெண் குழந்தை. புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எடுத்துப் போ என்றான். கட்டிலில் கிடந்த பெண்ணிடம் பெங் அக்கா அன்றும் அழகாகத்தான் சொன்னாள்: "கன்னை வேற எடத்துல நட்டுடுறேன். கவலப்படாதீங்க." இந்தப் படி வழியாகத்தான் கூடையோடு இறங்கினாள். மூன்றாவது படியில் வழுக்கப் பார்த்தது.

"அப்பவும் இப்படித்தான் போனீங்க. கையில எங்க வீட்டுது ஒண்ணை எடுத்துக்கிட்டு" என்றாள் மேலே நின்ற ரூயுன். குரலில் கோபம் இல்லை. "மொத தடவ நீங்க வாசல்ல வந்து நின்னப்போ, சொல்ல வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். ரெண்டாவது தடவயும் நெனச்சேன். இப்ப சீட்டே குடுத்தாச்சு. பொண்ணை நான் எங்கேருந்து அனுப்புறது? அவ எங்க இருக்கான்னு உங்களுக்குத்தானே தெரியும். நீங்களே கூட்டிக்கிட்டுப் போயிடுங்க."

பெங் அக்கா மீதிப் படியையும் இறங்கினாள். படகில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

வீடு வரும்வரை அந்தச் சீட்டைத் தண்ணீரில் போட்டுவிடலாமா என்றுதான் யோசித்தாள். வாங்கிய சீட்டைத் தண்ணீரில் போட்டால் பையனுக்கு ஆகாது. வேண்டுமென்றே கிண்ணத்தை உடைத்தால் அதைவிட மோசம், அந்தக் கேடு உடைத்த வீட்டுப் பிள்ளையின் தலையில்தான் விடியும். ஆனால் மூன்று நாள் ஒன்றும் உடையாமல் கழிந்துவிட்டால்? சாமி சரி என்றுவிட்டார் என்று ஆகும். லின்ஷெங் செத்துப்போன ஒரு பெண்ணுக்குப் புருஷன் ஆவான். அப்படி ஆனவனை ஒரு வருடத்துக்குள் பெண்டாட்டி வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாள். நான்ஷியில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

படித்துறையிலேயே லின்ஷெங் காத்திருந்தான். "குடுத்தாங்களா?" என்று கேட்டு, அம்மாவின் மடியில் தெரிந்த சிவப்பு நுனியைப் பார்த்ததும் அவன் முகம் விளக்கு ஏற்றியதுபோல் ஆனது. அவள் தடுப்பதற்குள் சீட்டை உருவிக்கொண்டு போய், இரண்டு கையாலும் அடுப்புச் சாமிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டான். பிறகு பூனையைப் பிடித்துக் கொல்லைத் தூணில் கட்டினான்.

"இந்தத் தடவ ஒண்ணும் ஒடையாதும்மா. எனக்குத் தோணுது" என்றான்.

முதல் நாள் ஒன்றும் உடையவில்லை. பக்கத்து வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் தினமும் விடிந்ததும் கத்துவார்கள். அன்று சத்தமே இல்லை. கட்டிப்போட்ட பூனைகூட ஒரு முறையும் கத்தாமல் அடுப்படியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் அடுப்படியில் கற்பூர மரத்தின் வாசம் லேசாக வந்தது. அந்த வீட்டில் கற்பூர மரத்தால் ஆன சாமான் ஒன்றுகூடக் கிடையாது.

இரண்டாம் நாள் காலையில் பெங் அக்காவின் கையிலிருந்து கஞ்சிக் கிண்ணம் நழுவியது. வேண்டுமென்று அவள் விடவில்லை, சத்தியமாக நழுவியதுதான். விழும்போது அவள் மனது கெஞ்சியது, உடை, உடைந்துவிடு என்று. கிண்ணம் கல்தரையில் பட்டு, உருண்டு, அடுப்போரத்தில் போய் நிமிர்ந்து நின்றது. மயிரிழை அளவுக்குக்கூடக் கீறல் இல்லை. லின்ஷெங் கை தட்டிச் சிரித்தான்.

அன்று மத்தியானம் மேசையில் அவன் மூன்று கிண்ணம் வைத்தான்.

"யாருக்குடா மூணாவது?"

அவன் பார்த்துவிட்டுத் திகைத்தான். "தெரியலம்மா. கை தானா வச்சிருச்சு." எடுத்து உள்ளே வைக்கப் போனவன், கொஞ்சம் நின்று, "இருக்கட்டுமே. நாளைக்கு வரப்போறவதானே" என்று விட்டுவிட்டான். அவன் சட்டைக் கையிலும் அந்த வாசம் அடித்தது. பெங் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கோடாலிச் சத்தம் கேட்டது.

ஜன்னலுக்கு ஓடினாள். கால்வாய்க்கு அந்தப் பக்கம், கூரைகளுக்கு அப்பால், ஷென் வீட்டு மதிலுக்கு மேலே, மரத்தின் தலை ஒவ்வொரு வெட்டுக்கும் அதிர்ந்தது. பெண் வீட்டில் பெட்டிக்கு மரம் வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அது விழுந்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லை, மரம் படகானதுதான்.

படகுக்குக் காத்திருக்க நேரம் இல்லை. பெங் அக்கா கல்பாலத்து வழியாக ஓடினாள். ஆறு வருடமாக மகன் வேலைக்காக இந்த ஊரில் குடியிருக்கிறாள், ஒரு நாள்கூட அந்தப் பாலத்தில் கால் வைத்ததில்லை. பாலத்தின் அந்த முனையில் ஒரு கிழட்டு ஹுவாய் மரம் நிற்கிறது. அதன் பெயரை எழுதும் எழுத்தில் பாதி மரம், பாதி பேய். அதன் நிழலில் யாரும் உட்கார மாட்டார்கள். பெங் அக்கா தலையைத் திருப்பிக்கொண்டு அதைக் கடந்தாள்.

முற்றத்தில் இரண்டு மரவெட்டிகள் மாற்றி மாற்றி வெட்டிக்கொண்டிருந்தார்கள். பாதி அடிமரம் போய்விட்டது. காற்றே காரமாக இருந்தது. ரூயுன் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மடித்து அடுக்கிய துணிகள். அடியில் கையளவுச் சட்டை, அதற்கு மேல் கொஞ்சம் பெரியது, அதற்கும் மேல் இன்னும் பெரியது, உச்சியில் அந்தப் பச்சை மேலங்கி. வருடத்துக்கு ஒன்று. பத்தொன்பது.

"நிறுத்தச் சொல்லுங்க! வெட்ட வேணாம்னு சொல்லுங்க!" என்றாள் பெங் அக்கா, மூச்சு வாங்க.

ரூயுன் கையைக் காட்டினாள். கோடாலிகள் நின்றன. மரவெட்டிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசல் பக்கம் போனார்கள்.

"எந்த எடத்துல நட்டீங்க?" என்று கேட்டாள் ரூயுன்.

"அம்மா, அந்தக் கன்னு... அந்த வருஷம் பனி ரொம்ப... கன்னு மண்ணுல பிடிக்கல..."

"மரம் வேணாம்க்கா. மரத்தைப் பத்திப் பேசாதீங்க. அவளுக்குன்னு நானே நட்டு, பத்தொம்பது வருஷமா மரத்தைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். என் பொண்ணு எங்க?"

பெங் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நேராகச் சொல்லிப் பழகாத வாய். ஒவ்வொரு வார்த்தையையும் பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"செத்துப்போச்சும்மா. அன்னைக்கு ராத்திரியே செத்துப்போச்சு. அனாதை விடுதிக்குக் கொண்டுபோறேன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட பணம் வாங்குனேன். கொண்டுபோகல. வழியில பெரிய வீட்டு ஆளு ஒருத்தன் வந்து, எஜமானிக்கு வலி கண்டிருச்சு, ஒடனே வான்னான். கல்பாலத்துல எறங்கி, அந்த ஹுவாய் மரத்தடியில கூடையை வச்சேன். யாராச்சும் எடுத்துக்குவாங்கன்னு நெனச்சேன். இல்ல, அதுகூடப் பொய்தான். நான் ஒண்ணுமே நெனக்கல. விடிஞ்சு திரும்பி வந்தா கூடை மேல பனி. என் கையாலயே வேரடியில தோண்டிப் பொதச்சேன். என் பாவம் என்னோட போகட்டும். என் புள்ளைய விட்டுடச் சொல்லுங்கம்மா. அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

ரூயுன் அழவில்லை. அவள் கை அந்தத் துணி அடுக்கின் மேல் இருந்தது. மேலேயிருந்து கீழே தடவிக்கொண்டே போய், அடியில் இருந்த கையளவுச் சட்டையில் நின்றது. இன்றுவரை அவள் மனதில் அந்தப் பெண் எங்கேயோ யார் வீட்டிலோ வளர்ந்துகொண்டுதான் இருந்தாள். அதைப் பார்க்கையில் பெங் அக்காவுக்கு, சொல்லாமலே இருந்திருக்கலாம் என்றும், பத்தொன்பது வருடம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றும் ஒரே நேரத்தில் தோன்றியது.

"வைக்கும்போது அழுதாளா?"

"அழுதுச்சு."

"முகம் எந்தப் பக்கம் இருந்துச்சு? பாதைப் பக்கமா, தண்ணிப் பக்கமா?"

பெங் அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "மரத்தைப் பாத்து. நான்தான் திருப்பி வச்சேன். நான் விட்டுட்டுப் போறதை அது பாக்கக் கூடாதுன்னு."

ரூயுன் எழுந்து அடுப்படிக்குள் போனாள். உள்ளே ஒரு கிண்ணம் உடையும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது அவள் கையில் லின்ஷெங்கின் சிவப்புச் சீட்டு இருந்தது.

"நானேதான் ஒடச்சேன். இந்த வீட்டுப் பிள்ளை தலையில விடியட்டும். என் பொண்ணுக்கு இனிமே ஆகுறதுக்கு என்ன இருக்கு?" சீட்டைப் பெங் அக்காவின் மடியில் வைத்தாள். "எந்திரிங்க. இந்தத் தடவ வாசல் வழியா போங்க."

தெருவில் இறங்கியதும் பின்னால் கோடாலிச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. பெட்டி வேண்டுமே, அந்தத் துணிகளை வைக்க.

பட்டறையிலிருந்து சாப்பிட வந்த லின்ஷெங் மேசையில் மூன்று கிண்ணமும் வைத்து உட்கார்ந்திருந்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒடஞ்சிருச்சா?" என்றான்.

"அவங்க வீட்டுல ஒடஞ்சிருச்சு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஐந்தாவது முறை. சாமிக்குச் சம்மதம் இல்லைப்பா, வேறு இடம் பார்ப்போம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அங்கேயே முடிந்துவிடும். பிள்ளை நம்பிவிடுவான். அவளும் அப்படித்தான் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் மேசை மேல் அந்த மூன்றாவது கிண்ணம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். படி, கூடை, பனி, மரம், முகத்தைத் திருப்பி வைத்தது வரைக்கும், ஒன்றையும் மூடாமல்.

லின்ஷெங் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு எழுந்து, மூன்றாவது கிண்ணத்தில் சூடாகச் சோறு போட்டான். மேலே ஒரு துண்டு மீன் வைத்தான். அடுப்புச் சாமிக்கு முன்னால் இருந்த அந்தப் பெண்ணின் சிவப்புச் சீட்டை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். கிண்ணம் நழுவிவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கல்பாலத்து ஹுவாய் மரத்தைப் பார்த்து நடந்தான்.